வடிகட்டியது வேறு, கிருமி போக்கியது வேறு: கிராண்ட் கேன்யன் 2022, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 1 முதல் ஜூன் 17 வரை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் குறைந்தது 222 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கொலராடோ ஆற்றில் ரப்பர் படகில் நாள்கணக்கில் போனவர்களும், முதுகுப்பையோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தவர்களும் இதில் இருந்தார்கள். காரணம் நோரோவைரஸ். இந்த மாதிரிப் பயணங்களுக்கு ஃபில்டர் இல்லாமல் யாரும் கிளம்புவது அபூர்வம். அந்த ஃபில்டர் பழுதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. புத்தம் புதிய ஃபில்டர், பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே செய்தாலும் நோரோவைரஸ் அதைத் தாண்டி வந்துவிடும். அமேசானில் அதே ஃபில்டரை வாங்கி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இமயமலைக்கும் எடுத்துப் போகிற நம்மவர்கள் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

இடமும் தண்ணீரும்

பள்ளத்தாக்கின் தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். வடவிளிம்பு சுமார் 2,400. ஆறு ஓடும் அடிமட்டம் 750 மீட்டர் அளவில். மேலே ஏப்ரல் இரவில் தண்ணீர் உறையும். கீழே ஜூன் பகலில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம். தண்ணீர்க் கருவிகள் இரண்டையும் தாங்க வேண்டும்.

ஊற்று எங்கே கிடைக்கும் என்பதைப் பாறையே சொல்லிவிடும். மேலே பெய்கிற மழையும் உருகுகிற பனியும் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளின் விரிசல் வழியே இறங்கும். ரெட்வால், முவாவ் என்ற சுண்ணாம்பு அடுக்குகளைக் கடந்ததும் பிரைட் ஏஞ்சல் ஷேல் என்ற களிப்பாறை குறுக்கே நிற்கும். களிப்பாறைக்குள் தண்ணீர் இறங்காது. அதனால் பக்கவாட்டில் ஓடி, பாறைச் சுவரில் வெளியே கொட்டும். அடுக்குகள் தெற்கு நோக்கிச் சரிந்திருப்பதால் வடக்குப் பீடபூமியின் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் வருகிறது. தெற்குப் பீடபூமியின் தண்ணீர் பள்ளத்தாக்கை விட்டு விலகிப் போகிறது. வடபுறம் ரோரிங் ஸ்பிரிங்ஸ் இரைச்சலோடு கொட்டுவதும், தென்புறத்தில் ஊற்றுகள் சின்னதாகக் கசிவதும் இதனால்தான். கூட்டம் நடப்பதோ தென்புறத்தில்.

நடப்பவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. களிப்பாறை அடுக்கின் தலைப்பில், பக்கப் பள்ளத்தின் மூலையில் பச்சைப் பசேலென்று காட்டன்வுட் மரக்கூட்டம் தெரிந்தால் அங்கே தண்ணீர் மேலாகவோ, அரை அடி மணலுக்கு அடியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். தனியாக நிற்கும் ஒரு மரத்தை நம்பாதீர்கள். அதன் வேர் எட்டுகிற ஆழத்துக்கு உங்கள் கை எட்டாது.

பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீர் இன்னொரு வழி. மழைக்குப் பிறகு சில நாள், சில வாரம் நிற்கும். அதில் கையை விடாதீர்கள். சன்ஸ்கிரீனும் வியர்வையும் கலந்தால் அதில் வாழும் சின்ன உயிர்கள் செத்துப்போகும், அடுத்து வருபவருக்கும் கெடும். கோப்பையால் மேலாக மொண்டு, கைக்குட்டையில் ஒருமுறை வடித்து, பிறகு ஃபில்டருக்கு விடுங்கள். சின்னக் குழியைக் காலி செய்யக் கூடாது.

நோய் பரவிய விதம்

நோரோவைரஸ் உடலுக்குள் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். திடீர் வாந்தி, தண்ணீராகப் போகும் வயிறு, தசைவலி. பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் அடங்கும். வீட்டில் இது ஒரு கெட்ட வாரயிறுதி. பள்ளத்தாக்கின் அடியில், 40 டிகிரியில், விளிம்புக்கு 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய நிலையில் இது வேறு கதை. குடித்தது எதுவும் தங்காத ஆள் அந்த ஏற்றத்தை ஏற முடியாது.

நோயுற்ற ஒருவரின் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ்கள் வெளியேறும். இன்னொருவரைப் படுக்கவைக்க 10 முதல் 100 வரை போதும் என்பது மதிப்பீடு. குணமான பிறகும் இரண்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும், வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதாவது, போன வாரம் வீட்டில் வயிறு சரியில்லாமல் இருந்து, "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று பயணத்துக்கு வந்தவரே தொடக்கப் புள்ளியாக இருக்கலாம்.

ஆற்றுப் பயணிகள் மலத்தை முழுக்க வெளியே எடுத்துவர வேண்டும் என்பது அங்கே விதி. காற்றுப் புகாத உலோகப் பெட்டியே கழிப்பறை. அதற்கு 'குரூவர்' என்று பெயர். இருக்கை வைக்காத காலத்தில் வெடிமருந்துப் பெட்டியின் விளிம்பு தொடையில் பள்ளம் பதித்ததால் வந்த பெயராம். அந்தப் பெட்டிகளே விசாரணைக்குக் கை கொடுத்தன. ஒரு பயணக் குழுவின் மொத்த வயிறும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. நோய் கண்ட குழுக்களின் பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்ததில் நோரோவைரஸ் தென்பட்டது.

ஆற்றங்கரையில் கூடாரம் போடத் தோதான மணல்திட்டுகள் எண்ணிவிடக் கூடியவை. இன்று ஒரு குழு தங்கிய திட்டில் நாளை இன்னொரு குழு தங்கும். குளிக்க ஆசைப்படும் பக்க ஓடைகளும் அப்படித்தான். எல்லோரும் அதே நாலைந்தில் இறங்குவார்கள். ஏப்ரல், மே மாதங்கள் நடப்பதற்கும் படகுக்கும் உச்சப் பருவம். எனவே தண்ணீர் வழி, கை வழி, பாத்திரம் வழி, கழிப்பறைக் கைப்பிடி வழி என்று எல்லாமே திறந்திருந்தன.

துளையின் கணக்கு

ஃபில்டரை வாங்கும்போது நாம் பார்க்கும் எண் 0.1 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதுகுப்பைக்காரர்கள் விரும்பும் சாயர் ஸ்க்வீஸ், காடடின் பீஃப்ரீ இரண்டும் இந்த அளவுதான். உள்ளே மெல்லிய குழலிழைகள். அவற்றின் சுவரில் 0.1 மைக்ரானுக்கு மேற்படாத துளைகள்.

இதன் முன் வந்து நிற்கும் ஆட்களைப் பாருங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் உறை 8 முதல் 12 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி 4 முதல் 6. பாக்டீரியா பெரும்பாலும் 0.2க்கு மேல். இவை எல்லாம் வெளியே நிற்கும். நோரோவைரஸ் சுமார் 0.03 மைக்ரான். துளை அதைவிட மூன்று மடங்கு பெரியது. கதவு திறந்தே கிடக்கிறது. ஹெபடைடிஸ் ஏ வைரஸும் ஏறக்குறைய அதே அளவு.

பெட்டியில் '99.99999 சதவீதம்' என்று ஒன்பதுகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசை பாக்டீரியாவைப் பற்றியது. வைரஸ் என்ற சொல் பெட்டியில் இல்லை என்றால், அந்த வேலையை அது ஏற்கவில்லை என்று பொருள். 0.02 மைக்ரான் அளவில் வைரஸையும் நிறுத்தும் கருவிகள் உண்டு. எடையும் விலையும் கூடுதல். அமெரிக்க மலைகளில் மனித நடமாட்டம் குறைவு என்ற நம்பிக்கையில்தான் 0.1 போதும் என்ற பழக்கம் வேரூன்றியது. நோரோவைரஸ் மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருவது. ஆள் கூட்டம் கூடிய இடத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. மேல்பக்கம் ஊர் இருக்கிற, திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிற நம் மலை ஓடைகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே செல்லாது.

சரி, குளோரின் மட்டும் போட்டால்? வைரஸ், பாக்டீரியா இரண்டும் சாகும். கிரிப்டோஸ்போரிடியம் சாகாது, ஒழுங்காகக் குளோரின் போட்ட நீச்சல் குளத்திலேயே அது 7 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆக, ஃபில்டர் விட்டதைக் குளோரின் பிடிக்கிறது, குளோரின் விட்டதை ஃபில்டர் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு வேலை. கொதிக்கவைப்பது ஒன்றுதான் தனியாகவே மூன்றையும் முடிக்கும்.

கலங்கல் ஆற்றுத் தண்ணீரைக் குடிநீராக்கும் வரிசை

கொலராடோ ஆற்றில் பக்க ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடைமழை பெய்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதை நேரே ஃபில்டரில் விட்டால் ஓரிரு லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டரை ஓங்கி அமுக்குவார்கள், பை கிழியும் அல்லது இணைப்பில் கசியும். இந்தக் கசிவில் வடிகட்டாத தண்ணீர் சொட்டி சுத்தமான பாட்டிலுக்குள் விழுவதை யாரும் கவனிப்பதில்லை.

முதல் வேலை தெளியவைப்பது. 19 லிட்டர் வாளிக்கு சுமார் 1 தேக்கரண்டி படிகாரத் தூள். முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, வாளியில் ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு நாலைந்து நிமிடம் மெதுவாகச் சுற்றிவிட்டு, அசைக்காமல் விடுங்கள். களித்துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணித்ததும் அவை திரண்டு பஞ்சுப் பிசிறாகி அடியில் உட்காரும். ஒரு மணி நேரத்தில் நல்ல தெளிவு. இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. நடப்பவருக்கு 1 லிட்டர் பாட்டிலில் ஒரு சிட்டிகை போதும். படிகாரம் கையில் இல்லாவிட்டால் வெறுமனே இரவு தெளியவிட்டாலும் பாதி வண்டல் இறங்கும். நம் ஊரில் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசித் தண்ணீரைத் தெளியவைத்ததும் இதே தத்துவம்தான். அதுவும் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. இரண்டையும் ஒன்றாக நினைக்கிற பழக்கம் ஆபத்தானது.

தெளிந்த மேல்நீரை, அடிவண்டலைக் கலக்காமல், வேறு பாத்திரத்துக்கு மொண்டு ஃபில்டர் வழியே விடுங்கள். அதன் பிறகே குளோரின். இந்த வரிசை மாறக் கூடாது. வண்டலும் அழுகிய இலைச்சாறும் இருக்கும் தண்ணீரில் குளோரினைப் போட்டால் அது முதலில் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், வைரஸுக்கு மிச்சமிருக்காது. ஃபில்டரில் கரித்துண்டு இருந்தால் அது குளோரினை உறிஞ்சிவிடும். அதனாலும் குளோரின் கடைசி.

அளவு: 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனையும் நிறமும் சேர்க்காத ப்ளீச் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு. 19 லிட்டர் வாளிக்கு 40 சொட்டு, அதாவது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. கலக்கி 30 நிமிடம் காத்திருங்கள். மூடியைத் திறந்து முகர்ந்தால் இலேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவை இன்னொரு முறை போட்டு மேலும் 15 நிமிடம். அப்போதும் வாடை இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் அழுக்கு மிகுதி, அல்லது ப்ளீச் செத்துவிட்டது. ப்ளீச் சாகும் பொருள்தான். திறந்து ஓராண்டான பாட்டிலை, அதிலும் கார் டிக்கியில் வெயிலில் கிடந்ததை, நம்பாதீர்கள். பளிச்சென்ற லேபிளோடு கழிப்பறைக்கென்று விற்கும் கெட்டியான, மணமான திரவங்களைத் தண்ணீரில் சேர்க்கவே கூடாது.

நடப்பவர்களுக்கு மாத்திரை வசதி. குளோரின் டைஆக்சைடு மாத்திரை 1 லிட்டருக்கு ஒன்று என்று வரும். பாக்டீரியா, வைரஸுக்கு 15 நிமிடம், ஜியார்டியாவுக்கு 30 நிமிடம் என்று போட்டிருக்கும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 4 மணி நேரம். முன்பே ஃபில்டர் செய்திருந்தால் அந்த 4 மணி நேரக் காத்திருப்பு தேவையில்லை. இரட்டை முறையால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். நம் கடைகளில் கிடைக்கும் குளோரின் மாத்திரைகளில் சில 20 லிட்டர் குடத்துக்கானவை. அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று பார்க்காமல் ஒரு பாட்டிலில் போட்டுவிடாதீர்கள். அயோடின் கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. வேறு வழி இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை.

குளிர்ந்த தண்ணீரில் குளோரின் மெதுவாக வேலை செய்யும். கொலராடோவின் தண்ணீர் கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படுவது. வெளியே காற்று கொதிக்கும்போதும் ஆறு சில்லென்று இருக்கும். அப்போதுதான் மொண்ட தண்ணீரென்றால் 60 நிமிடம் கொடுங்கள், அல்லது நிழலில் சற்று நேரம் வைத்துக் குளிர் தணிந்த பிறகு மருந்து போடுங்கள். வாடை பிடிக்காதவர்கள் வைட்டமின் சி மாத்திரைத் துணுக்கைச் சேர்க்கலாம், ஆனால் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகு. முன்பே போட்டால் குளோரினை அது அழித்துவிடும். ஆரஞ்சுப் பொடிக்கும் இதே கதிதான்.

மருந்து போட்ட பாட்டிலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் மரைகளில் வழியவிட்டு, பிறகு இறுக்குங்கள். ஓடையில் முக்கிய பாட்டிலின் மரையில் ஒட்டிய சில சொட்டுகள் போதும் நோரோவைரஸுக்கு. ஐந்து நொடி வேலை. செய்பவர்கள் மிகக் குறைவு.

கொதிக்கவைப்பதாக இருந்தால், தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். விளிம்பில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்காகத்தான் கூடுதல் நேரம். தடை எரிபொருள்தான். 100 கிராம் கேஸ் குப்பியில், காற்று இல்லாத இடத்தில், நல்ல அடுப்பென்றால் 10 லிட்டர் அளவு கொதிக்கவைக்கலாம். ஒரு ஆள் வெயில்நாளில் குடிப்பதே 6 லிட்டர். எனவே கொதிக்கவைப்பதைச் சமையலுக்கும் நோயாளிக்கும் ஒதுக்கிவிட்டு, மற்றதற்கு இரட்டை முறை.

புற ஊதா விளக்கு வைரஸையும் கொல்லும், லிட்டருக்கு 90 நொடி. ஆனால் தண்ணீர் கண்ணாடி போல் இருக்க வேண்டும். ஒரு வண்டல் துகளின் நிழலில் ஒளிந்த கிருமி தப்பித்துவிடும். பேட்டரியும் குளிரில் கைவிடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உறைபனி பற்றி ஒரு சொல். ஒருமுறை நனைந்த குழலிழை ஃபில்டர் உறைந்தால் இழைகள் வெடிக்கும். வெளியே எதுவும் தெரியாது. தண்ணீர் முன்பைவிட வேகமாகக்கூட வரும், ஆள் சந்தோஷப்படுவார். ஏப்ரலில் விளிம்பில் கூடாரம் போட்டவர்கள் ஃபில்டரைச் சின்ன ஜிப் பையில் போட்டுத் தூங்குபைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்ததோ என்ற சந்தேகம் வந்தாலே புதிது வாங்குங்கள்.

தண்ணீர் சுத்தம், கை அழுக்கு

இவ்வளவும் செய்து, பிறகு ஆறு பேர் ஒரே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கையை விட்டால் எல்லாம் வீண். பாக்கெட்டைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டிக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

ஆல்கஹால் கைத்திரவம் நோரோவைரஸிடம் சரியாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 நொடி. படகுக் குழுக்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு வாளி, நடுவில் காலால் மிதிக்கும் பம்பு, சோப்பு என்று வைப்பார்கள். கழுவிய நீர் இரண்டாவது வாளியில் விழும். காலால் மிதிப்பதில்தான் சூட்சுமம்: அழுக்குக் கை எதையும் தொட வேண்டியதில்லை. நடப்பவருக்கு, மூடியில் ஊசியால் துளையிட்ட அரை லிட்டர் பாட்டில் போதும். ஒருவர் அமுக்க, ஒருவர் கழுவலாம்.

தண்ணீர்ப் பாத்திரங்களில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று பிரித்து, அழுக்குப் பைக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். மாலை இருட்டில், களைப்பில், யாரோ ஒருவர் அழுக்குப் பையின் மூடியைச் சுத்தப் பாட்டிலில் திருகிவிடுவார். இது நடக்காத குழு கிடையாது.

கூடாரத்தில் யாராவது வாந்தி எடுத்தால் அந்த இடத்தையும் கழிப்பறை இருக்கையையும் துடைக்கக் குடிநீர் அளவு ப்ளீச் எதற்கும் ஆகாது. 1 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 100 மில்லி வரை 5 சதவீத ப்ளீச், குறைந்தது 5 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். நோயாளி, வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையலிலும் தண்ணீர் வேலையிலும் கை வைக்கக் கூடாது. நடப்பவர்கள் மலம் கழிக்க ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்ட வேண்டும். பள்ளத்தாக்கில் 60 மீட்டர் தள்ளிப் போவது பல இடங்களில் பாறை ஏறுவதாகத்தான் இருக்கும். அதற்காகச் சலித்தவர்கள் ஓடை ஓரத்திலேயே முடித்துக்கொள்வதுதான் அடுத்த மழையில் எல்லோர் பாட்டிலுக்கும் வருகிறது.

எந்த மருந்தும் தீர்க்காத ஊற்றுகள்

தெளிவாக, குளிர்ந்து, மீன்குஞ்சு ஓடுகிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கையைக் குலைக்க இங்கே இரண்டு இடங்கள் உண்டு. டோன்டோ நடைபாதை கடக்கும் ஹார்ன் ஓடை, தென்விளிம்பில் 1969 வரை யுரேனியம் வெட்டிய ஆர்ஃபன் சுரங்கத்துக்குக் கீழே ஓடுகிறது. அதன் தண்ணீரில் கதிரியக்கம் உண்டு. தாகத்தால் சாவதைத் தவிர வேறு வழி இல்லாதபோது மட்டுமே குடிக்கலாம் என்பதே பூங்காவின் எச்சரிக்கை. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பம்ப்கின் ஸ்பிரிங் பார்க்க அழகான ஆரஞ்சுக் கிண்ணம். அதில் ஆர்சனிக் மிகுதி.

கரைந்த உலோகத்துக்கு 0.1 மைக்ரான் என்ன, 0.02 மைக்ரானும் ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி உலோகம் இன்னும் அடர்த்தியாகும். இதற்கு ஒரே மருந்து வரைபடத்தில் பெருக்கல் குறி. பிரைட் ஏஞ்சல் பாதையில் உள்ள ஹவசுபாய் கார்டன்ஸ் முகாமிலிருந்து மேற்கே டோன்டோ வழியில் போகிறவருக்கு முதலில் வரும் ஓடையே ஹார்ன்தான். அடுத்து நம்பக்கூடியது மானுமென்ட் ஓடை. மொத்தம் ஏறக்குறைய 17 கி.மீ. வசந்தத்தில் அந்தத் தூரத்துக்கு ஒருவர் 4 லிட்டராவது சுமக்க வேண்டும். சூடு கூடினால் 6. லிட்டருக்கு ஒரு கிலோ. முதுகு வலிக்கிறது என்று ஹார்னை நம்பி 2 லிட்டரோடு கிளம்புவது அங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

சுமக்கும் கணக்கை அடுத்த ஊற்றுவரை என்று போடாதீர்கள். அது வறண்டிருந்தால் அதற்கடுத்ததுக்கோ திரும்பி வருவதற்கோ போதுமானதாக இருக்க வேண்டும். பனி உருகும் ஏப்ரலில் ஓடிய கிளையோடை ஜூனில் வெறும் கூழாங்கல்லாக இருக்கும்.

குழாய்த் தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ரோரிங் ஸ்பிரிங்ஸிலிருந்து 20 கி.மீ. நீளக் குழாய் ஒன்று பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து பிரைட் ஏஞ்சல் பாதைக் குழாய்களுக்கும் தென்விளிம்புக்கும் தண்ணீர் தருகிறது. 1970இல் முடிந்த இந்த அலுமினியக் குழாய் 2010க்குப் பிறகு 85 முறைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்த உடைப்புகளால் தென்விளிம்பின் விடுதிகளில் இரவு தங்குவதையே நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஜூலையில் காட்டுத்தீ வடவிளிம்பின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை எரித்தபோது குளோரின் வாயு கசிந்து, உள்பள்ளத்தாக்கில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். குழாய் இருக்கும் பாதைக்கும் சுத்திகரிப்புப் பொருளை எடுத்துப் போங்கள். சவுத் கைபாப் பாதையில் ஒரு குழாயும் இல்லை, ஓடையும் இல்லை.

குடிக்கும் அளவும், நோயாளியை ஏற்றும் முடிவும்

வெயிலில் ஏறும்போது வியர்வை மணிக்கு 1 லிட்டரைத் தாண்டலாம். அதைப் பார்த்துப் பயந்து, உப்பில்லாத வெறும் தண்ணீரை மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று ஊற்றிக்கொள்பவர்களும் இங்கே விழுகிறார்கள். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். தலைவலி, குமட்டல், வாந்தி, பிறகு குழப்பம். நீரிழப்பும் இதே முகத்தோடு வருவதால் அருகில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுப்பார்கள். அவர் நிறையக் குடித்தாரா, சாப்பிடவில்லையா, விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறதா, சிறுநீர் வெள்ளையாக அடிக்கடி போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் தண்ணீரை நிறுத்தி உப்புத் தின்பண்டம் கொடுங்கள். பேச்சுக் குழறினால் உதவி கேட்க வேண்டிய நேரம். தாகம் எடுக்கும்போது குடிப்பது, மணிக்கொரு முறை உப்பான ஏதாவது கொறிப்பது என்பதே போதுமான விதி. நிலக்கடலையும் மிக்சரும் இதற்கு எந்த விலையுயர்ந்த பொடிக்கும் குறைந்ததல்ல.

நோரோவைரஸ் கண்டவருக்குக் கதை வேறு. அவர் இழப்பது நீரும் உப்பும் சேர்த்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு 4 எடுத்துப் போக வேண்டும். ஒன்று 1 லிட்டருக்கு. தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் சும்மா விட்டு, பிறகு ஒரு மேசைக்கரண்டி வீதம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரேயடியாக ஒரு டம்ளர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும்.

பகலில் ஏற்ற முயலாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, சட்டையை நனைத்து, குடித்தது 6 மணி நேரம் தங்குகிறதா, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பையை மற்றவர்கள் பிரித்துச் சுமக்க, மாலை வெயில் இறங்கிய பிறகோ விடியலுக்கு முன்போ மெல்லக் கிளம்பலாம். இல்லை என்றால் இருக்கிற இடத்திலேயே இருந்து ஆளனுப்புவதுதான் வழி.

சுத்திகரிக்க எதுவும் இல்லாமல், கையில் தண்ணீரும் இல்லாமல், எதிரே ஒரு ஓடை ஓடினால் குடித்துவிடுங்கள். நோரோவைரஸ் படுக்கவைக்கக் குறைந்தது 12 மணி நேரம் எடுக்கும், ஜியார்டியா ஒரு வாரம்கூட எடுக்கும். 40 டிகிரி வெயிலில் வறண்ட உடம்புக்கு அன்று மாலைவரைகூட நேரம் இருக்காது.